மானிட்டரின் கீழ் மூலையில் ஒரு பொத்தான்

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வேளாங்கண்ணி மாதா மீது ஆணை. போய்ச் சேர்ந்த என் மனைவி கமலம் மீதும் ஆணை. போய்ச் சேர்ந்தவள் மீது ஆணையிட்டால் அவளுக்கு இனி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் மாதாவை முதலில் போட்டேன்.

நான் இதற்கு முன்பும் ஆணையிட்டிருக்கிறேன். ரயில்வே ஒர்க்ஷாப்பில் கிரேன் கொக்கியில் சட்டைக் காலர் மாட்டிக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுவதும் அந்தரத்தில் தொங்கியதையும், அங்கே வந்து உட்கார்ந்த காக்காயிடம் வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பியதையும் ஆணையிட்டுத்தான் சொன்னேன். மௌலாலியில் டிரைவர் இல்லாமல் கிளம்பிய எஞ்சின் காஜிப்பேட்டை வரை போய், வழியில் எல்லாச் சிக்னலுக்கும் மரியாதையாக நின்று, தானே திரும்பி வந்ததையும் அப்படித்தான். அந்த ஆணைகள் வேறு ரகம். கேட்டவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்காமல் சொன்னேன், யாருக்கும் நஷ்டமில்லை. இதில் நஷ்டம் உண்டு.

முதலில் ஒரு சாதாரண விஷயம். பழைய மானிட்டர்களில் வலது கீழ் மூலையில், விளிம்புக்கு அடியில், விரல் பட்டால்தான் தெரியும்படி ஒரு பொத்தான் இருக்கும். மானிட்டரின் முதுகில் இரண்டு துளைகள் உண்டு. எந்தத் துளையில் செருகிய ஒயரிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று அந்தப் பொத்தான்தான் சொல்லும். ஒயர் இல்லாத துளையைப் பார்க்கச் சொன்னால், மானிட்டர் பாவம், கொஞ்ச நேரம் பார்க்கும், ஒன்றும் வரவில்லை என்று எழுதிக் காட்டும், பிறகு கறுப்பாகிப் படுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. அது உள்ளே முழித்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்குத்தான் செத்துப்போனது போலத் தெரியும்.

என் பெயர் இருதயராஜ். கிரேன் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடி ஃப்ளாட் ஒன்றில் மகள் புஷ்பாவோடு இருக்கிறேன். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, சத்தமில்லாமல் முடிந்தும் போனது. மாப்பிள்ளை நல்ல பையன்தான். என் கதை எதற்கும் சிரிக்கமாட்டான், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பேச்சில் தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் ஒரே குழம்பாக இருக்கும். படிக்கிறவர்கள் சிரமப்படக்கூடாது என்று கூடியவரை தமிழாக்கிப் போட்டிருக்கிறேன்.

புஷ்பாவின் கம்பெனி ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில். கொரோனா சமயத்தில் ஆபீஸ் டெஸ்க்டாப்பை டெம்போவில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். கொரோனா போனது, டெஸ்க்டாப் போகவில்லை. எப்போதாவது ஒரு நாள் அங்கே போவாள். மற்ற நாளெல்லாம் எங்கள் ஹாலில்தான் கச்சிபௌலி நடக்கும்.

நாற்காலியை விட்டு எழுந்தால் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆபீஸ் சட்டம். கீபோர்டில் இரண்டு சாவியைச் சேர்த்து அமுக்கினால் போதும், பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்து பாஸ்வேர்டு அடித்தால்தான் திறக்கும். சட்டத்தைவிடப் பெரிய காவல் ஒன்றும் அங்கே உண்டு. யாராவது பூட்டாமல் எழுந்து போனால், பக்கத்து சீட்டுக்காரர் அந்த மெஷினில் உட்கார்ந்து, ‘இன்று எல்லாருக்கும் என் ட்ரீட்’ என்று அவர் பெயரிலேயே மெயில் தட்டிவிடுவார். போன மெயில் போனதுதான், ட்ரீட் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு ரம்ஜான் மாதத்தில் புஷ்பா இப்படி மாட்டிக்கொண்டு, மாடி முழுவதற்கும் ஹலீம் வாங்கிக் கொடுத்தாள். அந்த மெயிலைத் தட்டியவள் சாருலதா. அதிலிருந்துதான் இரண்டு பேரும் சினேகிதிகள்.

அதிலிருந்துதான் புஷ்பாவின் விரலும் பழகிப்போனது. வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பூட்டிவிட்டுத்தான் எழுவாள்.

“இங்க யாரும்மா இருக்கா, இப்படிப் பூட்டிப் பூட்டி வைக்கிறே?” என்று கேட்டேன்.

“நீங்க இருக்கீங்களே டாடி,” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

முதல் தடவை நடந்தது தற்செயல். புஷ்பா பூட்டிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். நான் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். துணி அந்தப் பொத்தானில் பட்டது. திரையில் ஏதோ எழுத்து வந்தது, போனது, கறுப்பானது. அவள் வந்து மவுஸை ஆட்டினாள், சாவிகளைத் தட்டினாள், கும்பிடாத குறைதான்.

“டாடி, மெஷின் போச்சு. லாக் பண்ணிட்டுத்தான் போனேன். வரவே மாட்டேங்குது.”

“சாப்பிட்டுட்டுப் பாரேன். அதுக்கும் பசிக்குதோ என்னவோ.”

புஷ்பா வழக்கமாகத் தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, காதில் ஹெட்போனோடு சாப்பிடுகிறவள். எனக்கு ஒரு ‘ம்’, ஹெட்போனில் இருக்கிறவருக்கு ஒரு ‘யெஸ்’. அன்று டைனிங் டேபிளுக்கு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் எஞ்சின் கதையை எடுத்தேன்.

“டாடி, போன தடவை அது பீபிநகர் வரைக்கும்தானே போச்சு?”

“எஞ்சினுக்கு வயசாக வயசாக தூரம் கூடும்மா.”

“ஹவ், ஆமா, கூடும்,” என்று சொல்லி, சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தாள். ரசம் இரண்டாம் தடவை கேட்டாள். கமலம் போன பிறகு அந்த டேபிளில் அப்படி ஒரு சாப்பாடு நடந்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு, மெஷினை அணைத்துப் போடுவதற்காக மேஜைக்கு அடியில் குனிந்தாள். பெட்டி அங்கேதான் இருக்கிறது. அவள் தலை மேஜைக்கு அடியில் இருந்தபோது என் விரல் மேலே பொத்தானைத் தேடிப்போய் அமுக்கியது. மெஷின் எழுந்தது, படம் வந்தது. விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “ரசத்தை மூடி வைக்கவா?” என்று வந்தது.

அடுத்த தடவை தற்செயல் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. அவள் பூட்டிவிட்டு எழுந்து போவாள், நான் ஒரு முறை அமுக்குவேன். அவள் அணைத்துப் போடக் குனிவாள், நான் மறுபடி அமுக்குவேன். இதில் யாருக்கும் கெடுதல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெஷின் கறுத்த நாளில் அவள் கொஞ்ச நேரம் என் மகளாக இருந்தாள், அவ்வளவுதான்.

கம்பெனியில் இந்த மாதிரி ரிப்பேர்களைப் பார்க்கப் பிரசன்னா என்று ஒரு பையன். உப்பல்காரன். பொறுமைசாலி. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்பேன்.

“மேடம், மானிட்டர்ல லைட் என்ன கலர்?”

“ஆரஞ்சு.”

“ஆரஞ்சுன்னா தூங்குது. நான் சொல்ற நாலு கீயை ஒண்ணா அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன். பீப்னுச்சு.”

“பீப் வந்துச்சா? அப்ப உயிர் இருக்கு மேடம்.”

“உயிர் இருக்கறது தெரியுது பிரசன்னா. மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குதே.”

படம் காட்டும் மென்பொருளைப் புதிதாகப் போட்டான். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடுகளை எல்லாம் நிறுத்தினான். ஒரு நாள் பைக்கில் வீட்டுக்கே வந்து, ஒயரைக் கழற்றிப் புது ஒயர் மாட்டினான். அவன் இருந்தவரை நான் கையை மடியை விட்டு எடுக்கவில்லை. பூட்டினான், திறந்தான், பூட்டினான், திறந்தான்; மெஷின் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

“டாக்டரைப் பார்த்ததும் நோய் ஓடிடுச்சு தம்பி,” என்றேன்.

“ஒயர்தான் அங்கிள் பிரச்சினை. இனிமே வராது.”

காபி குடித்துவிட்டுப் போனான். அவன் தார்நாகா சிக்னலைத் தாண்டுவதற்குள் திரை கறுத்துவிட்டது. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. வரக்கூடாது, தெரியும்.

அந்த வாரம்தான் நெதர்லாந்து வந்தது.

புஷ்பா சமையலறை வாசலில் நின்று சொன்னாள். அந்த ஊர் ஆபீஸில் மூன்று வருஷ வேலை. அவளுடைய குழுவிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது சாருலதா. போகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜருக்கு மெயில் எழுதிவிட்டால் முடிந்தது.

“நான் எங்கம்மா போவேன்னு கேக்கமாட்டேன்,” என்றேன்.

“டேனியல் அண்ணன்கிட்ட பேசிட்டேன் டாடி. உப்பல்ல அந்த முன்ரூமை உங்களுக்கு ஒழிச்சுத் தர்றாங்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாத்துட்டு வந்துடலாம். அப்பறம் மெயில் போடறேன்.”

டேனியல் என் மகன். அவன் மனைவி காஞ்சனா நல்ல பெண். டாக்டர் யாருக்கோ சொன்னதைக் கேட்டு, வீட்டிலிருந்து உப்பை ஒழித்துவிட்டவள். அந்த வீட்டில் கண்ணீரில்கூட உப்பு இருக்காது. ஆனால் நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை. புஷ்பாவுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாலே தும்மல் வரும். அவளால் அந்தக் குளிரில் எப்படி இருக்க முடியும்? ஒரு தடவை வாழ்க்கை கைவிட்டுப்போன பெண், பாஷை தெரியாத ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் யார் கேட்பார்கள்? இப்படியெல்லாம் யோசித்தது ஒரு தகப்பன். இதில் உப்புக்கு இடமே இல்லை.

அந்த நாட்களில் சாருலதா அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்து வேலை பார்ப்பாள். வரங்கல் பெண். தார்நாகாவில் ஹாஸ்டல். அங்கே பக்கத்தில் கட்டடம் இடிக்கிற சத்தம் என்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வரும்போதே “அங்கிள், இன்னைக்கு எந்த எஞ்சின்?” என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள். என்னுடைய கதைகளுக்குக் கடைசியாகக் கிடைத்த ரசிகை.

மதியச் சாப்பாட்டில் அவள் புஷ்பாவைச் சீண்டினாள். “உனக்கென்ன, டூலிப் பூவுக்கு நடுவுல நின்னு போட்டோ போடப்போறே. ஒரு நாள் மெஷினைப் பூட்டாம எந்திரிச்சுப் போ. ‘நான் வரல, சாருவை அனுப்புங்க’ன்னு நானே உன் பேர்ல மெயில் தட்டிடறேன்.”

“தட்டுவே, தட்டுவே. கையை ஒடைச்சுடுவேன்.”

“அங்கிள், மிரட்டறா. நீங்கதான் சாட்சி.”

நான் சாட்சி என்று தலையாட்டினேன்.

மறுநாள் பிரசன்னா போனில் அழாத குறையாக இருந்தான். புது மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, வர ஒரு வாரம் பிடிக்கும், அதுவரை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றான். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. பூட்டினாத்தானே இருட்டாகுது. பூட்டாமலே இருந்தா?”

அந்தப் பக்கம் பிரசன்னா கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

“மேடம், ஆபீஸ்ல இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. ஆனா நீங்க வீட்லதானே இருக்கீங்க. யார் யார் இருக்கீங்க?”

“நானும் டாடியும்தான்.”

“அப்ப சரி. தானா பூட்டிக்கறதை நான் இங்கேருந்து நிறுத்திடறேன். நீங்களும் பூட்டாதீங்க. ஒரு வாரம்தான்.”

அன்றிலிருந்து மெஷின் கறுக்கவில்லை. “டாடி, உங்க மூளைக்கு முன்னாடி பிரசன்னா எல்லாம் தூசு,” என்றாள் புஷ்பா. திரை திறந்தபடியே கிடந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவள் எழுதிய மெயில்களை நான் படித்தேன். எப்படித் தொடங்குகிறாள், எப்படி முடிக்கிறாள், எந்த இடத்தில் நன்றி சொல்கிறாள் என்று கவனித்தேன். சூப்பர்வைசராக மெமோக்களுக்குப் பதில் எழுதி எழுதி எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் என்னுடையது ரயில்வே இங்கிலீஷ், ‘தாழ்மையுடன்’ என்று ஆரம்பிக்கும். அவளுடையது அப்படியில்லை. கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் புஷ்பாவும் சாருலதாவும் பிரியாணி வரவழைத்தார்கள். கொண்டுவந்த பையன் பின்பக்க கேட்டில் நின்றுகொண்டு, முன்பக்க கேட்டில் நிற்பதாகச் சாதித்தான். புஷ்பா சலித்துக்கொண்டு கீழே போனாள். சாருலதா பால்கனியில், எனக்கு முதுகைக் காட்டியபடி, ஹெட்போன் போட்டு யாரிடமோ வேலை விஷயம் பேசிக்கொண்டிருந்தாள். நான் புஷ்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி, முதுகுக்கு இதமானது.

மேனேஜரின் மெயிலுக்குப் பதில் எழுதினேன். வாய்ப்புக்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் போக இயலாது. பட்டியலில் அடுத்தவருக்கு இதைக் கொடுத்தால் மகிழ்வேன். நன்றி, புஷ்பா. ‘அடுத்தவருக்கு’ என்ற வரி தேவையே இல்லை. ஒரு மரியாதைக்காகச் சேர்த்தேன். அனுப்பிவிட்டு எழுந்து, தட்டுகளை எடுத்து வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். லெக் பீஸை நான்தான் சாருலதா தட்டில் வைத்தேன்.

சாயங்காலம் உப்பலுக்குப் போய் அறையைப் பார்த்தோம். ஜன்னல் பெரியது. காற்று வருகிறது என்று நானே பாராட்டினேன். வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல், புஷ்பா மெயில் எழுத உட்கார்ந்தாள். மேனேஜரின் பதில் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் புரிகிறது, சாருலதாவின் பெயரை மேலே அனுப்பிவிட்டேன், அந்த ஊர்க்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

அவள் கத்தவில்லை. தன் பெயரில் போன மெயிலைத் திறந்து படித்தாள். மறுபடி படித்தாள். “மதியம்,” என்றாள். “நான் பிரியாணி எடுக்கப் போனப்ப.” பிறகு, “சாரு,” என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் மகளுக்கு என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

புஷ்பா புகார் கொடுத்தாள், கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். சாருலதா ஏற்கெனவே மெயில் தட்டியவள். ‘நானே தட்டிடறேன்’ என்று வாயால் சொன்னவள். வீட்டில் இருந்தவள். பலன் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கே. இத்தனையும் ஒரே ஆளிடம் போய் உட்காரும் என்று நான் திட்டமிடவில்லை. இதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள். நான் புஷ்பாவை நிறுத்தத்தான் நினைத்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள், புஷ்பா மருந்துக்கடைக்குப் போயிருந்த சமயம், சாருலதா வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்போடு வாசலிலேயே நின்றாள்.

“அங்கிள், நான் பால்கனியிலதானே இருந்தேன்?”

“ஆமாம்மா.”

“நீங்க பாத்தீங்கதானே?”

“பாத்தேன்.”

“நாளைக்கு உங்களைக் கேப்பாங்க. அதை மட்டும் சொல்லுங்க, போதும். காக்கா, கிரேன் எல்லாம் நக்கோ அங்கிள். கதை வேணாம்.”

“சொல்றேம்மா,” என்றேன். சொல்லத்தான் இருந்தேன்.

மறுநாள் அதே மானிட்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்தார். கம்பெனியில் பெரிய பொறுப்பாம். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, புஷ்பா கேமராவில் படாமல் பக்கத்தில் நின்றாள். சார், உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும், அன்று மதியம் சாருலதா இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தாரா என்று அந்த அம்மாள் கேட்டார்.

நான் புஷ்பாவைப் பார்த்தேன். சாருலதா பால்கனியில் இருந்தாள் என்று சொன்னால், ஹாலில் மிச்சம் இருந்தது யார் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியைப் புஷ்பா கேட்டுவிடுவாள் என்று தோன்றியது. அவள் கண் அப்போது என் மீதுதான் இருந்தது.

“நான் பேப்பர் பாத்துட்டிருந்தேன். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் இந்த நாற்காலியில உக்காந்தாப்பல இருந்துச்சு,” என்றேன்.

ஆயுசு முழுவதும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் குறுக்கே கேட்பார். எஞ்சினுக்குக் கரி யார் போட்டது, காக்காய்க்கு வீட்டு விலாசம் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை யாரும் குறுக்கே கேட்கவில்லை. அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். புஷ்பா என் தோளில் கை வைத்தாள்.

சாருலதாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். விசாரணை முடிவதற்குள் நெதர்லாந்து வேலை வேறு ஊர் ஆபீஸ்காரர் யாருக்கோ போய்விட்டிருந்தது. புது மெஷின் புது மானிட்டரோடு வந்தது, பூட்டினாலும் கறுப்பதில்லை. பிரசன்னா போன் செய்து, “சொன்னேன்ல அங்கிள், பழைய மெஷின்தான் கோளாறு,” என்று சந்தோஷப்பட்டான். உப்பல் அறையில் காஞ்சனா துணி காயப்போடுகிறாள்.

புஷ்பா இப்போது தினமும் டேபிளில்தான் சாப்பிடுகிறாள். ஹெட்போன் இல்லை. எதிரில்தான் உட்காருகிறாள். நான் கதை எதுவும் எடுப்பதில்லை, அவளும் கேட்பதில்லை. தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. இடையில் ஒரு நாள், “ஹலீம் மெயில் போட்டவ கூட சினேகிதம் வெச்சேன் பாருங்க டாடி, என்னைச் சொல்லணும்,” என்றாள். எனக்குப் புரையேறியது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

நான் சொல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஆட்டோவில் சொன்னேன். “புஷ்பா, அந்த மெயிலை அனுப்பினது நான்தாம்மா.” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டாடி, அவளைக் காப்பாத்தணும்னு நீங்க பழியை ஏத்துக்க வேணாம். இன்னைக்குக் கதை வேணாம், ப்ளீஸ்.” கையை விடாமல் வீடு வரை வந்தாள். நான் மேற்கொண்டு சொல்லியிருக்கலாம். பொத்தான் இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கலாம். ஆட்டோ குலுங்கியது, பேச வசதிப்படவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிப் பார்த்தேன். எங்கள் சாமியார் குண்டூர்க்காரர், தெலுங்கில்தான் கேட்பார். தெலுங்கில் சொல்லும்போது அது ஏதோ மெஷின் ரிப்பேர் மாதிரியே வந்தது. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

போன வாரம் தெருமுனைக் காய்கறிக் கடையில் சாருலதாவைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி சுரைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே வந்தாள். இளைத்திருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டு லிஃப்ட் வரை கூட வந்தாள். போகிற இடத்திலெல்லாம் பழைய கம்பெனியைக் கேட்கிறார்கள், கேட்டபிறகு கூப்பிடுவதில்லை என்றாள். ஹாஸ்டலைக் காலி செய்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வரங்கலுக்கே போய்விடுகிறாள். இனி இந்த ஊர் வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

“என் மேல கோபமாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல அங்கிள். வயசு. வேற என்னிக்கோ பாத்ததை அன்னிக்குப் பாத்தாப்பல நெனச்சிருப்பீங்க.” லிஃப்ட் வந்தது. பையை உள்ளே வைத்தாள். “ஆனா ஒண்ணு. எஞ்சின் கதையை ஒருத்தரும் நம்பல. இதை எல்லாரும் நம்பிட்டாங்க.”

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாயால் சொன்னால் புஷ்பா கதை என்கிறாள். எழுத்தில் இருந்தால் கதை என்று தள்ள முடியாது. ரயில்வேயில் நாங்கள் அப்படித்தான் பழகினோம். வாயால் சொன்னது காற்றில் போகும், எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் நிற்கும்.

ஆகவே எழுதுகிறேன். மானிட்டரைக் கறுப்பாக்கியவன் நான். பூட்டாமல் இருக்கச் சொன்னவன் நான். புஷ்பாவின் பெயரில் அந்த மெயிலை எழுதி அனுப்பியவன் நான். சாருலதா நாற்காலியில் உட்கார்ந்ததாகப் பொய் சொன்னவன் நான். அந்தப் பெண் அந்த மதியம் பால்கனியை விட்டு நகரவில்லை. இதையெல்லாம் மகளின் நன்மைக்காகச் செய்தேன் என்கிற மாதிரி மேலே ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாளை சனிக்கிழமை. புஷ்பா காலையில் உட்காருவதற்கு முன்பே இந்தத் தாள்களை அவளுடைய கீபோர்டின் மேல் வைத்துவிடுவேன். இன்னொரு பிரதி எடுத்து, கவரில் போட்டு, சாருலதாவின் கையில் நானே கொடுப்பேன். பஸ்ஸில் போகும்போது அவள் நிதானமாகப் படிக்கட்டும். ஒன்றையும் மறைக்கவில்லை. படித்தபிறகு இரண்டு பேரும் என்ன முடிவு செய்தாலும் கட்டுப்படுகிறேன். வெகு நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது.

புஷ்பாவுக்கும் சரி, சாருலதாவுக்கும் சரி, தமிழ் படிக்கத் தெரியாது.